27 மாத அனுபவம், வெள்ளிக்கிழமை கெடு: எம்பிஏ இப்போதா, பொறுத்தா?

ஒரகடம்_கியூசி · ஆகஸ்ட் 5, இரவு 11:52

வணக்கம். பல மாதமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 24. மெக்கானிக்கல். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 7.9. பத்தாவதில் 96 சதவீதம், பன்னிரண்டாவதில் 88. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஜூலையோடு 27 மாதம் முடிந்தது. கைக்கு 34,000 வருகிறது.

எம்பிஏ ஆசை எப்படி வந்தது என்றால், மே மாதம் ஒரு சம்பவம். அலுமினிய ஹவுசிங் ஒரு லாட், 640 பீஸ், லீக் டெஸ்டில் வரிசையாக விழுந்தது. தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் போல்ட் துளை ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி. போரோசிட்டிதான் (உலோகத்துக்குள் நுண்ணிய ஓட்டைகள்), சந்தேகமே இல்லை. மொத்த லாட்டுக்கும் சிவப்பு டேக் கட்டி ஸ்கிராப் என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் நாலே நிமிஷத்தில் அதை மாற்றிவிட்டார். வெள்ளைப் பலகையில் மூன்று வரி: ஸ்கிராப் போட்டால் நஷ்டம் எவ்வளவு, ரெசின் ஏற்றி ஓட்டையை அடைக்க வெளியே அனுப்பினால் பீசுக்கு எவ்வளவு, நம்மால் வாடிக்கையாளரின் லைன் நின்றால் அபராதம் எவ்வளவு. நான் சொன்ன தொழில்நுட்பத்தில் தப்பு இல்லை. ஆனால் அந்த மூன்று வரியில் ஒன்றைக்கூட எனக்கு எழுதத் தெரிந்திருக்காது. உலோகக் காஸ்டிங் தெரிகிறது, விலைக் காஸ்டிங் தெரியவில்லை.

போன வருஷம் சும்மா கேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வான CAT) எழுதிப் பார்த்தேன், படிக்காமல். 84 பர்சன்டைல், அதாவது எழுதிய நூறு பேரில் 84 பேருக்கு மேலே. அதை வைத்து ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன் வருகிறது. இரண்டு வருஷத்துக்கு 14 லட்சம். வகுப்பு இந்த மாதம் 20-ஆம் தேதி. வெள்ளிக்கிழமைக்குள் 50,000 கட்டினால்தான் சீட் என்கிறார்கள்.

அப்பா விருத்தாசலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார், இப்போது மூடிவிட்டு வீட்டிலேயே சின்னச் சின்ன ஜாப் ஒர்க். தங்கை நர்சிங் கடைசி வருஷம். அம்மா நகையை வைக்கலாம் என்கிறார். டீம் லீடர் மூன்று வருஷம் முடித்துவிட்டுப் போ என்கிறார், அமெரிக்காவில் இருக்கும் மாமா ஐந்து வருஷம் என்கிறார். கூடப் படித்த ஒருவன் அப்போதே போயிருக்க வேண்டும் என்கிறான். ஆளுக்கு ஒரு நம்பர். எதை நம்புவது?

நைட்ஷிப்ட்_நாகு · ஆகஸ்ட் 6, அதிகாலை 2:10

வெள்ளிக்கிழமைக்குள் கட்டு என்கிறார்களா? அது காலேஜ் இல்லை தம்பி, ஆடித் தள்ளுபடி.

நான் பிஇ முடித்த கையோடு அப்படி ஒரு இடத்தில் சேர்ந்தவன். பெயர் வேண்டாம். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்றார்கள், பொய் என்று சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் ஆஃபர் வந்தது. எனக்கு வந்தது இன்சூரன்ஸ் விற்கும் வேலை, டார்கெட்டோடு, சேலம் வட்டாரம். பதினொரு மாதம் தாங்கினேன். இப்போது மறுபடி தொழிற்சாலையில், மறுபடி ஷிப்டில். கூடப் படித்து, எங்கும் போகாமல் வேலையிலேயே இருந்தவனைவிட எனக்குச் சம்பளம் 3,000 அதிகம். கடன் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. அங்கே ஆபரேஷன்ஸ் பேராசிரியர் லைன் பேலன்சிங்கை, அதாவது எல்லா ஸ்டேஷனுக்கும் வேலையைச் சமமாகப் பிரிப்பதை, அழகாக நடத்தினார். நான் அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி எழுதிவைத்துப் பரீட்சையில் 82 வாங்கினேன். அது எதற்கு என்று புரிந்தது இரண்டு வருஷம் கழித்து, மூன்றாம் ஸ்டேஷனில் ஒரு அக்கா மட்டும் மூச்சு வாங்க வேலை செய்ய, நாலாம் ஸ்டேஷன் பையன் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோதுதான்.

கல்லூரியில் ஒரே கேள்வி கேள்: போன பேட்சின் மீடியன் சம்பளம் (வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருவது) என்ன, அது எத்தனை பேரை வைத்துப் போட்ட கணக்கு? ஆவரேஜ் சொன்னால் போனை வைத்துவிடு.

சூரியூர்_வெயில் · ஆகஸ்ட் 6, காலை 7:35

திருச்சி ஐஐஎம்மில் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனம்) படித்தவன். புதுக்கோட்டை சாலையில் சூரியூர் வளாகம், வெயில் பற்றித் தனி இழையே போடலாம். சேரும்போது எனக்கு 31 மாத அனுபவம்.

தம்பி, ‘எத்தனை வருஷம் கழித்துச் சேர்வது’ என்று நீங்கள் வாசலில் நின்று கேட்கிறீர்கள். கொல்லைப்புறத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். படித்து முடித்து வெளியே வரும்போது எந்த வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்பதில்தான் இந்த வருஷக் கணக்கே இருக்கிறது.

இரண்டு வருஷப் படிப்பில் முதல் வருஷம் முடிந்ததும் இரண்டு மாத சம்மர் இன்டர்ன்ஷிப். துறை மாற நினைப்பவனுக்கு உண்மையான வாசல் அதுதான். கடைசியில் பிளேஸ்மென்ட் வரும்போது பல வளாகங்களில் ஏறக்குறைய இரண்டு வருஷமும் அதற்கு மேலும் அனுபவம் உள்ளவர்களுக்கு லேட்டரல் என்று தனியாக ஒரு சுற்று நடக்கும். சப்ளை செயின், ஆபரேஷன்ஸ், கன்சல்டிங் பக்கமெல்லாம் தொழிற்சாலையில் கால் வைத்தவனை அதில் தேடிப் பிடிப்பார்கள். எனவே இரண்டிலிருந்து நாலு வருஷம் என்பது சும்மா வந்த எண் இல்லை.

அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? என் செக்‌ஷனில் ஒருவர் ஏழு வருஷ அனுபவத்தோடு வந்தார். பதினாறு பேரை வைத்து ஒரு மெயின்டனன்ஸ் டீமை நடத்தியவர். சம்மரில் 22 வயதுப் பையனும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பிரசன்டேஷனுக்கு எழுத்துரு சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கிடைத்த பதவியும் ஏறக்குறைய ஒன்றே. அவர் திறமையில் குறை இல்லை. அனுபவசாலிகளுக்கென்றே இருக்கும் ஓராண்டு எம்பிஏ படிப்புக்குப் போயிருக்க வேண்டியவர் வண்டி மாறி ஏறிவிட்டார்.

இனி உங்கள் கணக்கு. அகமதாபாத், பெங்களூர் போன்ற இடங்களில் அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் 36 மாதத்தோடு அது நின்றுவிடும். அதற்கு மேல் பத்து வருஷம் வைத்திருந்தாலும் அதே மதிப்பெண்தான். பரீட்சை எழுதும் வருஷத்தின் ஜூலை 31 வரைதான் எண்ணுவார்கள். கல்லூரியில் படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப் சேராது, பயிற்சிப் பொறியாளர் காலம் முழுநேர வேலை என்பதால் சேரும். இந்த நவம்பரில் எழுதி அடுத்த ஜூனில் சேர்ந்தால் உள்ளே போகும்போது 37 மாதம். அடுத்த வருஷம் எழுதினால் 49. இரண்டுமே நல்ல இடம்தான். மூன்றாவது முறை என்று போகாதீர்கள், அப்போது ஓராண்டுப் படிப்புதான் உங்களுக்கானது.

84 போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியர் பையன்கள் கூட்டம் அதிகம். மற்ற துறைப் பட்டதாரிகளுக்கும் பெண்களுக்கும் சில ஐஐஎம்கள் கூடுதல் மதிப்பெண் தருகின்றன, தருவதும் சரிதான். பொதுப் பிரிவு என்றால் புதிய ஐஐஎம்களுக்கே 95-ஐ ஒட்டி வேண்டும், பழையவற்றுக்கு 99-க்குப் பக்கம். பன்னிரண்டாவதில் வாங்கிய 88-ஐ இனி யாராலும் மாற்ற முடியாது, அதை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணம்மாபேட்டை · ஆகஸ்ட் 6, காலை 9:20

எல்லாரும் அனுபவம், அனுபவம் என்கிறீர்கள். மறுபக்கத்தையும் யாராவது பேச வேண்டும்.

கடைசி வருஷம் படிக்கும்போதே கேட் எழுதி, 22 வயதில் நேராகப் போனவள் நான். ஒரு பழைய ஐஐஎம். வகுப்பில் என்னைப் போல வேலைக்கே போகாதவர்கள் நிறையப் பேர். கணக்கு கையில் இருந்தது, ராத்திரி இரண்டு மணி வரை உட்காரும் பழக்கமும் விட்டுப்போகவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே படிப்பை முடித்துவிட்டேன். இது சின்ன விஷயம் இல்லை, பெண்கள் புரிந்துகொள்வார்கள். 27 வயதில் கடன் அடைந்தது. ‘இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறேன்’ என்று சொன்ன என் தோழிகளில் ஒருத்திகூடத் திரும்பப் படிக்கப் போகவில்லை.

சூரியூர்_வெயில் · ஆகஸ்ட் 6, காலை 9:48

மறுக்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள்?

கண்ணம்மாபேட்டை · ஆகஸ்ட் 6, காலை 10:02

ஃபைனான்ஸ்.

சூரியூர்_வெயில் · ஆகஸ்ட் 6, காலை 10:15

அதுதான் விஷயம். ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் பக்கம் புதிதாக வருபவர்களை வாரி எடுப்பார்கள், அங்கே 22 வயது ஒரு குறையே இல்லை. இந்தத் தம்பிக்கு ஆசை வந்தது லீக் டெஸ்ட் தொட்டியில். தொழிற்சாலையை விட்டு ஓடுகிற ஆள் மாதிரி தெரியவில்லை. அவருக்கு அந்த 27 மாதமும் மூலதனம். அதே மாதிரி நினைத்தால் மும்பை ஐஐஎம்மையும் பாருங்கள் தம்பி. முன்பு நிட்டி என்ற பெயரில் 1963 முதல் இருந்த இடம், 2023-ல்தான் ஐஐஎம் ஆனது. ஆபரேஷன்ஸ், சப்ளை செயினுக்குப் பேர்போனது.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 6, பகல் 12:40

பொதுத்துறை வங்கியில் 33 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஒன்பது வருஷம் கல்விக் கடன் மேசை. படிப்பைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

14 லட்சம், பத்தரை சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வையுங்கள். மாதத் தவணை 23,600. படிக்கும் இரண்டு வருஷத்தில் ஏறும் வட்டியே இரண்டு லட்சத்தைத் தாண்டும், அதை நான் இதில் சேர்க்கவில்லை. அங்கே படித்து வெளியே வந்து கைக்கு 45,000 வாங்கினால் பாதிக்கு மேல் வங்கிக்கு. இப்போது நல்ல ஐஐஎம் ஒன்றில் 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீதம், பத்து வருஷம், தவணை 31,700. அங்கிருந்து வருபவரின் சம்பளத்தில் அது கால் பங்குகூட வராது. மலிவான கடன் எது என்று தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. மேசைக்கு எதிரே உட்கார்ந்த எத்தனையோ அப்பாக்களிடம் சொல்லி ஓய்ந்துபோன வாக்கியம் இது.

அடுத்து, பிணை. சாதாரணக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வீடோ நிலமோ கேட்பார்கள். ஆனால் ஐஐஎம் போன்ற இடங்களுக்கு பல வங்கிகளில் தனிப் பட்டியல் உண்டு, முழுத் தொகையையும் பிணை இல்லாமல் தருவார்கள். தரவரிசையில் முன்னால் இருக்கும் நிறுவனங்களுக்கு 2024 கடைசியில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் அப்படித்தான். ஒரு கல்லூரிக்கு வங்கி பிணை இல்லாமல் கடன் தரத் தயங்குகிறது என்றால், அந்தக் கல்லூரியைப் பற்றி வங்கி ஏதோ சொல்கிறது.

அம்மா நகை விஷயம். நகைக் கடன் பொதுவாக ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டியது. அதை இரண்டு வருஷம் வருமானமே இல்லாத காரியத்துக்கு வைத்தால் நடுவில் மறுபடி மறுபடி வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டுவது யார்? பெட்டியிலேயே இருக்கட்டும்.

வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்.

ஒருவேளை அந்த 50,000-ஐ ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தாலும் பதற வேண்டாம். தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதிப்படி வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. விதி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பணம் எத்தனை நாளில் வரும் என்பது வேறு கதை.

கேரியர்_கைடன்ஸ்_சென்னை · ஆகஸ்ட் 6, பகல் 1:15

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நிர்வாகி · ஆகஸ்ட் 6, பகல் 1:22

மேனேஜ்மென்ட் கோட்டா விளம்பரம். கணக்கையும் முடக்கிவிட்டேன். இந்த வாரத்தில் நாலாவது.

சிறுசேரி_ஐடி · ஆகஸ்ட் 6, மாலை 6:30

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம், ஒரு விஷயம் மட்டும். நானும் போன வருஷம் இண்டர்வியூ வரை போய்த் திரும்பியவன், பாதி காரணம் காகிதம். நம் ஊரில் பிசி, எம்பிசி சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி, கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். பொருந்துமானால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் புதிதாக வாங்கிவிடுங்கள். நான் ஜனவரியில் அலைந்தேன். வருவாய் ஆய்வாளர் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்.

அப்புறம், எங்கள் துறையில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஐடியில் மூன்று வருஷம் டெஸ்டிங் செய்துவிட்டு ‘என்ன கற்றாய்’ என்று கேட்டால் பதில் வருவதில்லை. வருஷம் மட்டும் ஏறினால் அனுபவம் ஆகிவிடுமா? இண்டர்வியூவில் என்னிடம், ‘உன் கிளையண்ட் எதில் பணம் சம்பாதிக்கிறார்?’ என்று கேட்டார்கள். இரண்டே முக்கால் வருஷம் அவர்களுடைய சாப்ட்வேரைச் சோதித்திருக்கிறேன். தெரியவில்லை.

டூல்ரூம்_தேவி · ஆகஸ்ட் 6, இரவு 9:55

கோயம்புத்தூர். நானும் மெக்கானிக்கல்தான், எங்கள் வகுப்பில் அறுபது பேரில் நாங்கள் மூன்று பெண்கள். டூல் டிசைனில் ஆரம்பித்து எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 31 வயதில் ஓராண்டுப் படிப்புக்குப் போனேன். அப்போது பையனுக்கு மூன்று வயது, அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். முதல் மாதம் வீடியோ காலில் என்னைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடுவான்.

ஓராண்டுப் படிப்பைப் பற்றி யாரும் சொல்லாத இரண்டு விஷயம் சொல்கிறேன். இந்தப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். நான் கல்யாணமான புதிதில் எழுதியதை, பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகுதான் பயன்படுத்தினேன். கேட் மதிப்பெண் ஒரு வருஷத்தோடு காலாவதி. எனவே வாழ்க்கை எப்போது இடம் கொடுக்கும் என்று தெரியாதவர்கள், முக்கியமாகப் பெண்கள், இளமையில் ஜிமேட்டையோ ஜிஆர்இயையோ எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஓராண்டில் பெரும்பாலும் சம்மர் இன்டர்ன்ஷிப் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் துறையில் மேலே ஏற அது சரி. துறையே மாற வேண்டும் என்றால் கஷ்டம். ஐஎஸ்பியில் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இரண்டு வருஷ அனுபவம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்பான பிஜிபிஎக்ஸ் நாலு வருஷம் கேட்கும், பெங்களூர் ஐஐஎம்மின் இபிஜிபி ஐந்து.

ஆனால் தம்பி, உங்கள் பதிவில் என்னை உறுத்தியது வேறு. அந்த மூன்று வரி எழுத எம்பிஏ வேண்டாமே! உங்கள் தொழிற்சாலையிலேயே விலை போடுகிறவர் ஒருவர் இருப்பார், கண்ணாடி அறையில், யாரும் போய்ப் பேசாத ஆள். நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும் ஒரு டீயோடு போய் அந்த 640 பீசுக்கும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் மேனேஜ்மென்ட் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, பரீட்சை எழுதினால்தான் கட்டணம். அதெல்லாம் செய்த பிறகும் ‘போதவில்லை, இன்னும் வேண்டும்’ என்று இருந்தால் அப்போது எம்பிஏவைப் பற்றிப் பேசலாம். கணக்கே பிடிக்கவில்லை, பிளான்ட் ஹெட் நின்ற தோரணைதான் பிடித்தது என்றால் அதையும் 14 லட்சம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

வகுப்பில் எனக்கு உதவியது என்ன தெரியுமா? விலை நிர்ணயம் பற்றிய ஒரு கேஸ் ஸ்டடியில் எல்லாரும் மார்ஜின், மார்ஜின் என்று வாதாடினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘மோல்டு யாருக்குச் சொந்தம்?’ பாகத்தை வார்க்கும் அந்த அச்சு வாடிக்கையாளருடையது என்றால் அவர் நாளைக்கே அதைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகலாம், அப்புறம் எந்த மார்ஜின்? பேராசிரியர் போர்டை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். எட்டு வருஷம் மோல்டுக்குப் பின்னால் அலைந்ததற்கு அன்றைக்குத்தான் கூலி கிடைத்தது.

ஒரகடம்_கியூசி · ஆகஸ்ட் 7, இரவு 10:30

எல்லாருக்கும் நன்றி. தேவி அக்கா, இன்றைக்கே போனேன். கண்ணாடி அறை, யாரும் பேசாத ஆள், எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே. சுண்டல் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

விஷயம் இதுதான். ரெசின் ஏற்ற பீசுக்கு 22 ரூபாய், போக்குவரத்து சேர்த்து 26. ஸ்கிராப் போட்டால் உருக்கி மீட்கும் அலுமினியத்தைக் கழித்தும் பீசுக்கு 190 நஷ்டம். எனவே பிளான்ட் ஹெட் சொன்னது சரி. ஆனால் திரும்பி வந்த 640-ல் 41 மறுபடி லீக் ஆனது என்று எனக்குத் தெரியும், அது என் பதிவேட்டில் இருக்கிறது. கண்ணாடி அறை அண்ணனின் தாளில் இல்லை! அந்த 41-ஐயும் மறு சோதனைக்கு ஆன ஆள் நேரத்தையும் சேர்த்துப் போட்டோம். அப்போதும் ஸ்கிராப்பைவிட லாபம்தான், ஆனால் அவர் நினைத்த அளவு இல்லை. ‘இந்த நம்பரை மாசாமாசம் எனக்கு அனுப்புவியா?’ என்று கேட்டார். வீட்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன்.

கல்லூரிக்கும் போன் செய்தேன். மீடியன் கேட்டேன். ‘மீடியனா? எங்கள் ஹையஸ்ட் 18 லட்சம் சார்’ என்றார். மறுபடி கேட்டேன். ‘சீனியரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்றவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கெடு திங்கட்கிழமை வரை நீண்டிருக்கிறது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கு மூன்று வருஷ பாண்ட் இருக்கிறது. ஏப்ரல் 30-ஆம் தேதி முடிகிறது. உடைத்தால் ஒரு லட்சம். விலக 90 நாள் நோட்டீஸும் கொடுக்க வேண்டும்.

நைட்ஷிப்ட்_நாகு · ஆகஸ்ட் 7, இரவு 11:05

இதை முதல் வரியில் எழுத வேண்டாமா!! 20-ஆம் தேதி வகுப்பு, 90 நாள் நோட்டீஸ், பாண்ட் வேறு. எப்படிப் போவதாக இருந்தாய், சொல்லாமல் கொள்ளாமலா? அப்படிப் போனால் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வராது. அந்த 27 மாதம் உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கும், காகிதத்தில் இருக்காது. நாளைக்கு எந்த ஐஐஎம்மிலும் காட்ட முடியாது.

சூரியூர்_வெயில் · ஆகஸ்ட் 8, காலை 8:10

நாகு சொல்வது முக்கியம். பாண்டைப் பார்த்தால் கணக்கு தானாகவே விழுகிறது. கேட் வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு, விண்ணப்பம் செப்டம்பர் நடுவில் மூடிவிடும். முடிவு டிசம்பர் கடைசியை ஒட்டி வரும். இண்டர்வியூக்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இழுக்கும். திருச்சி உட்பட புதிய ஐஐஎம்கள் சில சேர்ந்து ஒரே பொது இண்டர்வியூ நடத்துவதால் இறுதிப் பட்டியல் வர மே ஆகிவிடலாம். வகுப்பு ஜூனில். 90 நாள் நோட்டீஸ் அதற்குள் அடங்காது. எனவே மார்ச்சில் இண்டர்வியூ நன்றாகப் போனதாகத் தோன்றினால் உங்கள் மேனேஜரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், மீதி நாளுக்குப் பணம் கட்டி விலக முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேட்டு வையுங்கள். நான் 38 நாளுக்குக் கட்டினேன்.

ஐஐஎம் மட்டும் என்றும் உட்கார வேண்டாம். கேட் மதிப்பெண்ணை வைத்தே திருச்சி என்ஐடியின் மேலாண்மைத் துறை, சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறை இரண்டுக்கும் போகலாம், செலவும் குறைவு. டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பிரிவான எஃப்எம்எஸ் கட்டணம் ஐஐஎம் கட்டணத்தில் சிறு பங்கு, ஆனால் அதற்கு 98, 99 வேண்டும். தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கட்டணம் கண்ணுக்கே தெரியாது.

டூல்ரூம்_தேவி · ஆகஸ்ட் 8, காலை 8:40

அந்த 41-ஐக் கண்டுபிடித்தது நீங்கள். அதை மாசாமாசம் அனுப்பிக்கொண்டே இருங்கள். மார்ச்சில் இண்டர்வியூ அறையில் ‘வேலையில் என்ன செய்தாய்’ என்று கேட்டால் பேச ஒரு கதை இருக்கும், அது உங்கள் சொந்தக் கதை.

கண்ணம்மாபேட்டை · ஆகஸ்ட் 8, பகல் 11:30

இரண்டு நாளாக ‘இப்போதே போ’ பக்கம் நிற்கிறேன், இந்த ஆளுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் கடைசி வருஷ மாணவிகளே, நீங்கள் கேட் எழுதுங்கள். வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னால் எல்லா வீடும் கேட்டுக்கொண்டு இருக்காது.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 8, மாலை 5:00

தம்பி, நகை?

ஒரகடம்_கியூசி · ஆகஸ்ட் 8, மாலை 6:45

பெட்டியில் இருக்கிறது ஐயா. ‘ஏதோ வங்கி அதிகாரி சொன்னார்’ என்றதும் அப்பா சமாதானமாகிவிட்டார், நான் சொன்னபோது கேட்கவில்லை. பணம் கட்டவில்லை, கல்லூரிக்கு மெயில் போட்டுவிட்டேன். கேட்டுக்குப் பதிவு செய்தாயிற்று. இந்த வருஷம் ஒழுங்காக ஒரு முறை, தவறினால் அடுத்த வருஷம் ஒரு முறை, அவ்வளவுதான். சான்றிதழுக்குத் திங்கட்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன்.

சி ஷிப்ட் (ராத்திரி வேலை) வாரத்தில் எப்படிப் படிக்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்_நாகு · ஆகஸ்ட் 9, அதிகாலை 3:20

காலையில் வீட்டுக்குப் போனதும் படுக்காதே. குளித்து, சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டு அப்புறம் படு. சாயந்திரம் எழுந்து படிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, நான் பார்த்துவிட்டேன். மாக் டெஸ்ட் மட்டும் விடுமுறை நாளில், உண்மையான பரீட்சை எந்த நேரமோ அதே நேரத்தில். ஒரு பகுதிக்கு நாற்பது நிமிஷம், முடிந்ததும் பின்னால் போக முடியாது. கேன்டீனில் யாரிடமும் எம்பிஏ என்று சொல்லாதே, அப்ரைசல் போய்விடும்.

ஒரகடம்_கியூசி · நவம்பர் கடைசி ஞாயிறு, இரவு 9:15

எழுதிவிட்டேன். மூன்றாம் ஸ்லாட், பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரி. ஆங்கிலம் பரவாயில்லை, கணக்கு நன்றாக வந்தது. டிஐஎல்ஆர் (தரவு, தர்க்கப் புதிர்) பகுதியில் இரண்டு செட் முழுதாக, மூன்றாவதில் பாதி. அந்தப் பாதியில் கடைசி நாலு நிமிஷத்தை வீணடித்தேன், விட்டுவிட்டு வேறு எடுத்திருக்க வேண்டும்.

கண்ணாடி அறை அண்ணன் காலையில் போன் செய்து வாழ்த்தினார். அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். இந்த மாத லீக் எண் 17. நாளை ஏ ஷிப்ட், ஐந்தேகாலுக்கு பஸ்.